புகலூர்க் குளத்தில் எறிந்த பொன்

15 வருடங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒரு சாமியார் வந்தார். பெயர் வேண்டாம். தெருவிலேயே பெரிய வீட்டில் மூன்று நாள் தங்கினார், பாதபூஜை நடந்தது. அம்மா தையல் வேலையில் சேர்த்து வைத்திருந்த 5,000 ரூபாயை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தக் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கும்பிட்டுக்கலாம்மா" என்றார். அம்மா அப்படியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும் கேட்டாள்: "ஏண்டி, அப்பர் சாமியையும் ஜனங்க இப்படித் தள்ளி நின்னுதான் கும்பிட்டிருப்பாங்களா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை. அம்மாவின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் பெரிய புராணம் படித்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாராம். அம்மாவுக்கு அப்பர் என்றால் வீட்டுப் பெரியவர் மாதிரி. அவர் கடைசியாக இருந்து முக்தி அடைந்த திருப்புகலூரைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது கூடி வந்தது. அம்மாவுக்கு இப்போது 74 வயது.

கும்பகோணத்திலிருந்து காலையில் கிளம்பி முதலில் திருவீழிமிழலை போனோம். பூந்தோட்டம் பக்கம். கல்யாணம் கூடி வரவேண்டும் என்று மாலையோடு வந்தவர்கள்தான் அன்று அதிகம். இங்கே சுவாமி மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். அம்மா தேடியது வேறு. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு பீடங்கள். அங்கேதான் படிக்காசு வைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். நாடே பஞ்சத்தில் வாடியபோது அப்பரும் சம்பந்தரும் இந்த ஊரில் மடம் வைத்து அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். சுவாமி தினம் ஆளுக்கு ஒரு பொற்காசு கொடுத்தார். கிழக்குப் பீடத்துக் காசு சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்துக் காசு அப்பருக்கு. அப்பர் மடத்தில் உச்சிவேளைக்கு முன்பே பந்தி நடந்துவிடும். சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். வாசி, அதாவது மாற்றுக் குறை உள்ள காசு. அப்பரின் காசில் அந்தக் குறை இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? அப்பர் கோயிலில் உடம்பால் உழைத்துக் கைத்தொண்டு செய்கிறவர் என்பதுதான் காரணம். அப்புறம் வாசி தீர்த்துத் தரச் சொல்லிச் சம்பந்தர் பதிகம் பாடினார், குறையும் தீர்ந்தது.

சம்பந்தரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் உமையம்மையிடம் ஞானப்பால் குடித்த பிள்ளை. ஆனால் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிய கைக்கு வந்த காசு கடைத்தெருவில் முழு மதிப்புக்குச் செல்லுபடியானது என்று நம் பெரியவர்கள் கதை வைத்திருக்கிறார்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு பேர் வாங்கிய காசும் அன்றன்றைக்கே இலையில் சோறாகிவிட்டது. அவர்கள் பெட்டியில் ஒன்றுகூடத் தங்கவில்லை.

அம்மா மேற்குப் பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நன்னிலம், சன்னாநல்லூர் வழியாகப் புகலூருக்குப் போனோம். வண்டியில் பேச்சு பல்லக்கைப் பற்றித் திரும்பியது. மயிலாடுதுறையை ஒட்டிய தருமபுரத்தில், சைவ மடத்தின் தலைவரான ஆதீனகர்த்தரைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிப்போகும் பட்டினப் பிரவேசத்துக்கு 2022-ல் கோட்டாட்சியர் தடை போட்டார். மனிதனை மனிதன் சுமப்பதா என்று ஒரு பக்கம், காலகாலமாக நடக்கும் குருமரியாதையை நிறுத்துவதா என்று இன்னொரு பக்கம். கடைசியில் தடை விலகியது, மே மாதம் பட்டினப் பிரவேசமும் நடந்தது. ஆதீனங்களை எடுத்தெறிந்து பேச எனக்கு மனம் வராது. தேவாரத்தை அச்சில் கொண்டுவந்து, ஓதுவார்களை ஆதரித்து, பள்ளி கல்லூரி நடத்துகிறவர்கள். நிலமும் நகையும் மடத்துக்குச் சொந்தம், பீடத்தில் இருப்பவருக்குச் சொந்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும். பல்லக்கைத் தூக்குகிறவர்கள் பக்தியோடு விரும்பித்தான் தூக்குகிறார்கள் என்று சொன்னால் அதையும் நம்புகிறேன்.

ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பல்லக்கு என்றதும் எல்லோரும் சொல்வது திருப்பூந்துருத்திக் கதை. சம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். வயதான அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து சிவிகைக்குத் தோள் கொடுக்கிறார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்க, "உங்களைச் சுமக்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன்" என்று கீழிருந்து குரல் வருகிறது. கதையை இதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த கணம் சம்பந்தர் பதறிச் சிவிகையைவிட்டு இறங்கி அப்பரை வணங்கப்போகிறார், அதற்குள் அப்பர் அவரை வணங்குகிறார். தூக்கியவரின் பணிவை மட்டும் நாம் பாடமாக வைத்துக்கொண்டோம். இறங்கியவரின் பதற்றமும் அதே கதையில்தான் இருக்கிறது. காவி கட்டியவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்தப் பதற்றத்தைத்தான். ஏழையாக இருங்கள் என்று கேட்கவில்லை. ஒரு கிழவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றால் மனசு பதற வேண்டும், அவ்வளவுதான்.

புகலூர்க் கோயில் தண்ணீருக்கு நடுவே இருப்பது போலத் தெரிந்தது. அக்கினி தீர்த்தம் அகழி மாதிரி கோயிலை வளைத்துக் கிடக்கிறது. சுவாமி அக்கினீசுவரர், அம்பாள் கருந்தார்குழலி. லிங்கத் திருமேனி கொஞ்சம் சாய்ந்திருப்பதால் கோணப்பிரான் என்றும் பெயர். நடை திறந்ததும் உள்ளே போனோம்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதி மஞ்சள் பையில் செங்கல் வைத்திருந்தார்கள். வீடு கட்டத் தொடங்குமுன் இங்கே கல்லைக் கொண்டுவந்து பூஜை செய்து எடுத்துப்போவது வழக்கம். அதற்குப் பின்னால் சுந்தரர் இருக்கிறார். திருவாரூரில் பங்குனி உத்திரத்துக்கு அவர் மனைவி பரவையார் தானதருமம் செய்யப் பொன் வேண்டியிருந்தது. அதைக் கேட்டுச் சுந்தரர் இங்கே வந்தார். பதில் இல்லை. அசதியில் திருப்பணிக்கு வைத்திருந்த செங்கல்லைத் தலைக்கு வைத்து, மேலே துண்டை விரித்துப் படுத்தார். விழித்துப் பார்த்தால் செங்கல் எல்லாம் பொன். அப்போது அவர் பாடிய பதிகம் புலவர்களுக்குச் சொன்ன புத்தி. கொடுக்காத பணக்காரனைப் பாரி என்று புகழ்ந்தாலும் கொடுக்கமாட்டான், புகலூரைப் பாடுங்கள் என்கிறார்.

இதே ஊரில்தான் அப்பர் கதையும். முதுமையில் இந்தக் கோயில் பிராகாரத்தில் அவர் தினம் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நிலையை உலகத்துக்குக் காட்ட நினைத்த சுவாமி, உழவாரம் படும் இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னும்படி செய்தார். அப்பர் அவற்றைச் சரளைக் கல்லோடு சேர்த்து உழவாரத்தில் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புல்லைச் செதுக்கினார். ஓட்டாஞ்சில்லையும் பொன்னையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் என்று அடியார்களைச் சேக்கிழார் சொல்வாரே, அது உவமையாகச் சொன்னதில்லை என்று இந்தக் குளத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

ஒருவருக்குச் செங்கல் பொன்னானது, ஒருவர் கையில் பொன் சரளைக் கல்லானது. ஒரே சுவாமி, ஒரே கோயில். சின்ன வயதில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது இல்லை. சுந்தரர் கேட்ட பொன் திருவிழாவில் நாலு பேருக்குக் கொடுப்பதற்கு. அப்பருக்கு அன்று கொடுக்க வேண்டிய கை எதுவும் எதிரே நீளவில்லை. பஞ்ச காலத்தில் வீழிமிழலையில் தினம் காசு வாங்கியவரும் இதே அப்பர்தானே! தனக்கென்று வந்தபோதுதான் அது குளத்துக்குப் போனது.

அப்பர் சன்னிதியில் அம்மா கண் கலங்கினாள். கூப்பிய கை, தோளில் சாய்த்த உழவாரம். ஒரு காலத்தில் தருமசேனர் என்ற பெயரில் கடலூர்ப் பக்கத்துப் பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் தலைமைக் குருவாக இருந்தவர், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனை எதிர்த்து நின்றவர். எவ்வளவு பெரிய மடத்துக்கும் தலைவராகியிருக்கலாம். சிலை செய்தவர்கள் கையில் செங்கோலோ ஏடோ கொடுக்காமல் புல் செதுக்கும் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளிப் பிராகாரத்தில் உழவாரப் பணிக்கு ஒரு குழு வந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக இருபது பேர் இருக்கும். கல் இடுக்கில் முளைத்த புல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே காவி வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், முட்டி வரை மண். எல்லோரும் அவரைத்தான் சாமி என்று கூப்பிட்டார்கள். அம்மா பழக்கத்தில் ஒதுங்கி நின்று கும்பிட்டாள். அவர் சட்டென்று கொத்தைக் கீழே போட்டு எழுந்து, மண் கையோடு பதிலுக்குக் கும்பிட்டார்.

"ஏன் அங்கயே நிக்கறீங்க? கால் வலிக்கப் போவுது. இங்க பக்கத்துல வந்து உக்காருங்கம்மா."

குழுவில் ஒரு பெண் ஓரத்தில் கிடந்த களைக்கொத்தி ஒன்றை எடுத்து நீட்டினாள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "நேரமாச்சும்மா, இருட்டறதுக்குள்ள போகணும்" என்றேன்.

"இந்த வரிசை முடியட்டும்டி" என்றாள்.