மாயாவிய படமா எடுக்குறவங்க அந்தக் கைய மட்டும் விட்டுறாதீங்க

நம்ம காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவி படமா வருதுன்னு எப்ப நியூஸ் வந்தாலும் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல என்னத்தான் டேக் பண்ணுவாங்க. பாளையங்கோட்டைல பெரியம்மா மவன் ஒருத்தன் இருக்கான், "ஏல, உன் ஆளு வாரான் டே"ன்னு வாய்ஸ் நோட்டே போட்டுருவான். லோகேஷ் கனகராஜ் அந்தப் பேர்ல ஒரு சூப்பர்ஹீரோ படம் எடுக்கணும்னு ரொம்ப வருசமா ஆசைப்படுறதா பேட்டில சொல்லிருக்காரு. அது வரும்போது வரட்டும், வர்றதுக்கு முன்னாடி என் மனசுல கிடக்கத எழுதிரணும்னு உக்காந்துட்டேன். நம்ம காமிக்ஸ் ஹீரோக்கள படமா எடுத்தவங்க நெறைய பேரு கதைய மட்டும் உருவிக்கிட்டு பக்கத்த விட்டுட்டாங்க. பக்கம்னா அந்த அச்சடிச்ச பக்கம், கட்டம் கட்டமா இருக்குமே அதுதான். உசுரு அங்கதான் இருக்கு.

மாயாவியவே எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல வேலியன்ட்னு ஒரு வாரப் பத்திரிகை, 1962-ல ஆரம்பிச்சப்பவே இந்தக் கதையும் அதுல வந்துட்டு. முதல்ல எழுதுனது கென் பல்மர், பெறவு டாம் டல்லி, படம் போட்டது ஸ்பெயின்காரரு ஜீசஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல்னு ஒரு ஆளு, விபத்துல வலது கை போயி அதுக்குப் பதிலா இரும்புக்கை, உடம்புல கரன்ட் பாஞ்சா ஆளு மறஞ்சிருவான், கை மட்டும் தெரியும். இத நான் ஒரு வரில சொல்லிட்டேன், ஆனா பக்கத்துல பாக்கணும் நீங்க. ஒரு ரூம், மேசைக்குப் பின்னால ஒருத்தன் உக்காந்து ஏதோ எழுதிட்டு இருக்கான், மூலைல எல்லாம் பிளாஸ்கோ மசிய கொட்டி இருட்டாக்கி வச்சிருப்பாரு. அந்த இருட்டுல கதவுப்பிடிய புடிச்சபடி ஒரு கை. அடுத்த கட்டத்துல அந்தக் கை விளக்குகிட்ட வந்துரும். உக்காந்திருக்கவன் இன்னும் பாக்கல, ஆனா நாம பாத்துட்டோம். ஆளு எங்க நிக்கான், குனிஞ்சிருக்கானா நிமிந்திருக்கானான்னு வெறும் கைய வச்சு நாமளே மனசுக்குள்ள மாயாவிய வரைஞ்சுக்கணும். பாதி ஓவியம் பிளாஸ்கோ போட்டது, மீதிய படிக்கிற பையன் போடணும். அதனாலதான் அவன் எங்களுக்குச் சொந்தக்காரன் ஆனான்.

ஒரிஜினல்ல கிராண்டேல் முதல்ல கெட்டவனாத்தான் திரியுவான், திருடுவான், ஊரையே மிரட்டுவான், பெறவுதான் நல்லவனாகி நிழற்படைல சேந்து உளவாளியா வேல பாப்பான். நமக்கு அவன் எப்பவும் ஹீரோதான். பாம்புத் தீவு, உறைபனி மர்மம், நாச அலைகள்னு பேரச் சொன்னாலே அந்த அட்டை எனக்கு கண்ணு முன்னால வந்துரும்.

இதெல்லாம் தமிழ்ல வந்தது சிவகாசில இருந்து. 1972-ல முத்து காமிக்ஸ், முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். இது எங்க ஏரியாக்காரங்களுக்கு ஒரு தனிப் பெருமை, ஏன்னா சிவகாசி நமக்கு கோவில்பட்டி சாத்தூர் தாண்டுனா வந்துரும், மெட்ராஸ்காரன் ரயில்ல பார்சல் வந்து படிச்சத நாங்க பக்கத்து ஊர் சரக்கா படிச்சோம். பட்டாசு டப்பால ஒட்டுற லேபிள், காலண்டர் முருகன், காமிக்ஸ் அட்டை எல்லாம் ஒரே ஊரு அச்சுதான். அந்த அடிக்கிற சிவப்பும் மஞ்சளும் உத்துப் பாத்தீங்கன்னா ஒண்ணுபோலதான் இருக்கும்.

1984 ஜூலைதான் பெரிய மாசம். அதே சிவகாசில லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க, கத்திமுனையில் மாடஸ்டின்னு மாடஸ்டி பிளைசி கதை. ஆசிரியர் விஜயனுக்கு அப்ப இருபது வயசு கூட ஆகல. அதே மாசம் தினத்தந்தி குடும்பத்துல இருந்து ராணி காமிக்ஸ், முதல் கதை ஜேம்ஸ்பாண்ட், அழகியைத் தேடி. ஒரே மாசத்துல ரெண்டு கடையிலயும் உளவாளிக் கதை தொங்குனா பையங்க என்ன செய்வாங்க, கூட்டு சேந்து ஆளுக்கொண்ணு வாங்கி மாத்தி மாத்திப் படிக்க வேண்டியதுதான். பெறவு குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் வந்தான், ஆர்டினி, பெல்ஹாம்னு ரெண்டு கூட்டாளிங்களும் கூடவே, ஹெலிகார்ல பறப்பான். அந்த ஸ்பைடர் கதைகள்ல நெறைய எழுதுனது சூப்பர்மேன உண்டாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல்னு ரொம்பப் பின்னால தெரிஞ்சப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு. சூப்பர்மேன எழுதுன கை எழுதுனத நாங்க ஜங்ஷன் பஸ்ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டு தமிழ்ல படிச்சிருக்கோம்யா!

சரி மலருக்கு, அதாவது அந்த குண்டு சிறப்பிதழுக்கு வாரேன். இங்கிலாந்துல இந்தப் பத்திரிகைங்க எல்லாம் வருசத்துக்கு ஒருதடவ ஆனுவல்னு கெட்டி அட்டை போட்டு ஒரு புக் விடும், கிறிஸ்துமஸுக்கு புள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்க. அட்டைல அடுத்த வருசத் தேதிதான் போட்டிருக்கும். நமக்கு அந்த வேலைய செஞ்சது கோடை மலரும் தீபாவளி மலரும். முழுப்பரீச்ச முடிஞ்சா கோடை மலர், துணி எடுக்கப் போறப்ப தீபாவளி மலர். மாசாமாசம் வர்ற புக் மெலிசா இருக்கும், பஸ் ஏறி பேட்டைல இறங்குறதுக்குள்ள முடிஞ்சிரும். மலர் அப்படி இல்ல, கைல வாங்குனாலே கனம் தெரியும், ரெண்டு மூணு முழுநீளக் கதை, நடுவுல சிரிப்புக்கு ஒண்ணு, சிங்கத்தின் சிறுவலையில்னு ஆசிரியர் எழுதுற பக்கம், அடுத்து என்னென்ன வருதுன்னு விளம்பரம். அந்த விளம்பரத்தையே நாங்க கதை மாதிரி திரும்பத் திரும்பப் படிப்போம். டவுண்ல ரதவீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு பேப்பர்கடை அண்ணாச்சி இருந்தாரு, மலர் வந்த அன்னைக்கு தெருவுல போற எங்கள கையத் தட்டிக் கூப்புடுவாரு, "எய்யா, மலர் வந்துட்டு, உனக்கு ஒண்ணு உள்ள எடுத்து வச்சிருக்கேன், துட்டு பெறவு தா". புது மசி வாசம் இருக்கும், கட்டைவிரல்ல கருப்பு ஒட்டும். பலகாரம் சுடுற எண்ணெய்க் கையோட யாரும் தொடக்கூடாதுன்னு வீட்ல சட்டமே போட்டிருந்தேன், அம்மாவும் அத மதிச்சாங்க.

இப்பல்லாம் தீபாவளின்னா டெக்ஸ் வில்லர்னு ஆயிட்டு. டெக்ஸ் இத்தாலிக்காரங்க போட்ட கௌபாய் சரக்கு, 1948-ல போனெல்லி எழுதி காலெப்பினி படம் போட்டது. தமிழுக்கு 1985-ல தலைவாங்கிக் குரங்குன்னு வந்துச்சு. மஞ்சச்சட்டை, நவஹோ செவ்விந்திய ஜனங்களுக்கு அவன்தான் தலைவன், இரவுக் கழுகு. கூட வெள்ளிமுடியாரு கார்சன், எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல மூணு விரக்கடை தடிமனுக்கு ஒரு கறித்துண்டும் மலையா வறுத்த உருளைக்கிழங்கும் கேப்பாரு. அதப் படிச்சா எனக்கு உடனே பரோட்டா தின்னணும் போல இருக்கும். எங்க ஆச்சி ஊரு திசையன்விளை பக்கம், அங்க தேரிக்காடு செக்கச்செவேல்னு கிடக்கும், பனைமரமும் உடைமரமும் தவிர ஒண்ணும் இருக்காது. அரிசோனான்னா எனக்கு அந்தத் தேரிதான். குதிரைக் குளம்படி புழுதின்னு எழுதிருந்தா தேரி மண்ணு பறக்குறதாத்தான் மனசுல ஓடும், இன்னைக்கும் அப்படித்தான்.

இப்போ படங்கள். டெக்ஸுக்கு இத்தாலில 1985-லயே ஒரு படம் எடுத்துட்டாங்க, நமக்கு டெக்ஸ் வந்த அதே வருசம்! டெக்ஸா ஜூலியானோ ஜெம்மா, டைரக்டர் டூச்சோ டெஸ்ஸாரி. ஜெம்மா நல்ல நடிகர்தான், தொப்பி வச்சா எடுப்பா இருக்காரு, கதை சொல்ற வயசான செவ்விந்தியரா போனெல்லியே வாராரு, அதப் பாத்ததும் எனக்கு கைதட்டணும்போல இருந்துச்சு. ஆனா டெக்ஸ் பேசுற அந்தத் தோரணை, கார்சன் புலம்புறது, ரெண்டு பேரும் ராத்திரி தீ மூட்டி உக்காந்து அடுத்தநாளு என்ன செய்யணும்னு பேசுற பக்கங்கள், அதுக்கெல்லாம் படத்துல நேரம் குடுக்கல. மந்திரம் மாயம்னு ஓடிட்டு. காமிக்ஸ்ல எனக்குப் புடிச்சதே அந்தத் தீ மூட்டுற பக்கந்தான்.

கேப்டன் டைகருக்கு நடந்தது இன்னும் மோசம். ஒரிஜினல்ல அந்த கௌபாய் பேரு புளூபெர்ரி. மின்னும் மரணம் தொகுப்பு 2015-ல ஒரே குண்டு புக்கா கலர்ல வந்துச்சு, ஷார்லியே எழுதுன கதை, ஜீன் ஜிரௌட் ஓவியம், ஒவ்வொரு பக்கத்துலயும் பாறையும் தூசியும் வேர்வையும் தனித்தனியா தெரியும். அதப் படிச்ச சூட்டுல 2004-ல ஜேன் கூனன் எடுத்த புளூபெர்ரி படத்த தேடிப்புடிச்சுப் பாத்தேன், வின்சென்ட் காசெல் நடிச்சது. மூலிகை குடிச்சு தரிசனம் காணுறதுதான் படம் பூராவும். ஷார்லியே குடும்பத்துல அவரு பேர எடுக்கச் சொல்லி சண்டையே போட்டாங்க, எனக்கு அது நியாயமாத்தான் படுது. தனிப்படமா பாத்தா அழகு இருக்கு, ஆனா அதுல நம்ம டைகர் இல்ல. சூதாடி, ஏமாத்தி, அடிவாங்கி, மூக்கு உடைஞ்சும் விடாம நிக்கிற அந்த மனுசன் எங்கயும் இல்ல.

மாடஸ்டி 1966 படம் பத்தி நான் பேச விரும்பல, நடுவுல பாட்டு பாடுறாங்க, அவ்வளவுதான். வேதாளர், அதான் பேன்டம், 1996-ல வந்தாரு, பில்லி ஜேன், அது பரவால்ல, ஊதாச் சட்டைய வெக்கப்படாம போட்டுக்கிட்டு சந்தோசமா நடிச்சிருப்பாரு, எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கும் புடிச்சுது.

இரத்தப் படலம்னு நாங்க படிச்ச XIII காமிக்ஸ் டிவிக்கு 2008-ல வந்துச்சு, ஸ்டீபன் டார்ஃபும் வால் கில்மரும். நினைவு போன ஒருத்தன், உடம்புல பதிமூணுன்னு பச்சை குத்திருக்கு, தான் யாருன்னு தேடுறான். வான் ஹாம் எழுத்து, வான்ஸ் ஓவியம். தமிழ்ல நாங்க இத ஒரு பாகம் படிச்சிட்டு அடுத்ததுக்கு வருசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தோம். அவனுக்கு மறந்துபோனது எங்களுக்கும் மறந்துபோவும், பழைய பாகத்த தேடி எடுத்துப் படிச்சிட்டுத்தான் புதுசுக்குப் போவோம். 2010-ல பதினெட்டு பாகமும் ஒரே புக்கா, கருப்பு வெள்ளைல, தலகாணி கனத்துக்கு வந்தப்ப ரெண்டு கைலயும் ஏந்தித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிவில அந்த முடிச்ச சீக்கிரம் அவுத்துட்டாங்க, அதான் ஒட்டல.

நல்லா எடுத்ததும் இருக்கு, அதச் சொல்லலன்னா பாவம். ஸ்பீல்பெர்க் 2011-ல எடுத்த டின்டின்ல பாகர் ஊர்ல ஒரு துரத்தல் வருமே, வெட்டே இல்லாம ஒரே ஷாட்டா மலைல இருந்து கடல் வரைக்கும் உருண்டு வரும், டின்டின உண்டாக்குன ஹெர்ஜே கட்டத்துல வச்சிருந்த வேகத்த அவரு கேமராவுக்கு மாத்திட்டாரு. அப்புறம் நம்மாளு சிம்புதேவன். இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் 2010-ல வந்தப்ப நாங்க ஒரு செட்டாத்தான் தியேட்டருக்குப் போனோம். எந்தக் காமிக்ஸ் கதையும் அது இல்ல, ஆனா லயன் முத்து படிச்சு வளந்தவன் எடுத்ததுன்னு ஒவ்வொரு பிரேம்லயும் தெரியும். ஊருக்குப் பேரே ஜெய்சங்கர்புரம். முத்து காமிக்ஸ் ஆரம்பிச்ச அதே 1972-லதான் டைரக்டர் கர்ணன் கங்கா, ஜக்கம்மான்னு ரெண்டு கௌபாய் படம் எடுத்தாரு, தமிழ்ல குதிரையும் துப்பாக்கியும் அப்ப இருந்தே ஓடிட்டுத்தான் இருக்கு, அந்த ரெண்டு ஆசையையும் சிம்புதேவன் ஒண்ணா சேத்துட்டாரு. தியேட்டர்ல நான் விசிலடிச்சேன்.

அதனால மாயாவிய எடுக்குற யாரா இருந்தாலும் கேட்டுக்கிறது, கிராபிக்ஸ்ல ஆள முழுசா மறைக்கிறது இப்ப ஒரு பெரிய விசயமே இல்ல. கேமராவ ஓட விடாம ஒரு அறைல நிறுத்துங்க. அந்தக் கை கதவுல இருந்து விளக்குக்கு வர்ற நேரத்த எங்களுக்குக் குடுங்க. பின்னணி இசைய கூட கொஞ்சம் அணைச்சு வைங்க. விரல்ல துப்பாக்கி இருக்கட்டும், ரேடியோ இருக்கட்டும், ஆனா மாயாவி எங்க நிக்கான்னு தேடுற வேலைய பாக்குறவங்ககிட்ட இருந்து புடுங்கிறாதீங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க மாயாவில பாம்புத் தீவு எடுங்க, டெக்ஸ் படத்த பாக்குறதுக்கு முன்னாடி தலைவாங்கிக் குரங்க முடிச்சிருங்க, டைகருக்கு மின்னும் மரணம் போதும், படம் வேண்டாம். வேலியன்ட் பத்திரிகைய போட்ட ஃப்ளீட்வே கம்பெனியோட பழைய கதைகள இங்கிலாந்துல ரெபெல்லியன்னு ஒரு கம்பெனி வாங்கி நல்ல பதிப்பா மறுபடி போடுறாங்க, பிளாஸ்கோ ஓவியத்த தெளிவா பாக்க அது நல்ல வழி. அப்புறம் வீட்டுப் பரண்ல பழைய கோடை மலர், தீபாவளி மலர் ஏதாவது கிடந்தா தயவுசெஞ்சு எடைக்குப் போட்டுறாதீங்க, அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, ஒரு வார்த்தை சொல்லுங்க, அம்பாசமுத்திரமா இருந்தாலும் சங்கரன்கோவிலா இருந்தாலும் வண்டிய எடுத்துட்டு வந்துருதேன்.