கண்ணாடிக்குள் சுழலும் நடனமங்கை

வில்லன்மேல் இரக்கம் வர அழுகைக் காட்சி வேண்டாம். காரணம் எப்போது தெரியவருகிறது என்பதுதான் முக்கியம். 1992இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பகுதியைப் பாருங்கள். கால் உறைந்துபோன தன் அடியாளையே அம்போவென்று விட்டுவிட்டுப் போகிறான் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். நோயாளி மனைவி நோராவை உறைநிலையில் காத்த கருவியை முதலாளி நிறுத்தச் சொன்ன வீடியோ அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலிலேயே காட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஃப்ரீஸுக்குப் பேசிய மைக்கேல் அன்சாராவின் குரலில் துளி உணர்ச்சி கிடையாது. அதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

அதன் தொடர்ச்சியாக 1999இல் தொடங்கிய ‘பேட்மேன் பியாண்ட்’ இன்னும் ஒரு படி மேலே. திருந்திவிட்டேன் என்கிற ஃப்ரீஸை பழைய பேட்மேனான வயதான புரூஸ் நம்பவில்லை, புதிய பேட்மேனான பள்ளி மாணவன் டெரி நம்புகிறான். அவனுக்குப் பழைய கணக்கு ஏதுமில்லையே! இடியும் கட்டிடத்திலிருந்து வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். ஃப்ரீஸ் வரவில்லை.