நிலா மட்டும் ஏன் கீழ விழல?

சின்னப் பசங்களுக்கு கிராவிட்டி சொல்லித் தரணும்னா எல்லாரும் உடனே நியூட்டன், ஆப்பிள்னு ஆரம்பிச்சிடறாங்க. எங்க அக்கா பையன் மூணாங்கிளாஸ், அவன்கிட்ட அதைச் சொன்னா "மேல இருந்து விட்டா கீழதானே விழும்"னு விளையாடப் போயிட்டான். சரிடா, அப்போ நிலா ஏன் விழலன்னு கேட்டேன், அதுக்குத்தான் நின்னான்.

நிலாவும் விழுந்துட்டுதான் இருக்கு, அதான் பதிலே. ஒரு கல்லை மெதுவா எறிஞ்சா பக்கத்துல விழும், வேகமா எறிஞ்சா தள்ளி விழும், இன்னும் இன்னும் வேகமா எறிஞ்சிட்டே போனா ஒரு கட்டத்துல கல்லு எவ்ளோ கீழ இறங்குதோ அதே அளவு பூமியும் வளைஞ்சு கீழ போயிடும், கல்லுக்கு தரையே கிடைக்காது, சுத்திட்டே இருக்க வேண்டியதுதான் (நடுவுல காத்து இல்லன்னு வெச்சுக்கணும்). நியூட்டன் மலை உச்சில பீரங்கி வெச்சு சுட்டா என்ன ஆகும்னு யோசிச்சது இதைத்தான். ஆப்பிள் கதைய விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இது புரிஞ்சிட்டா ஸ்பேஸ் ஸ்டேஷன் ஈசி. அங்க கிராவிட்டியே இல்ல அதான் மிதக்கறாங்கன்னு பெரியவங்களே சொல்றாங்க, ஆனா அது இருக்கறது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துலதான், ரோட்டுல சென்னைலேர்ந்து மதுரை போற தூரம் கூட இல்ல. தரைல இருக்கற இழுப்புல கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கயும் இருக்கு. மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்துல பூமியை சுத்திக்கிட்டே ஸ்டேஷனும் விழுது, உள்ள இருக்கறவங்களும் கூடவே விழறாங்க, காலுக்கு அடில தாங்கறதுக்கு எதுவும் இல்ல.

அப்புறம் கிராவிட்டிய விளக்கறேன்னு இந்த பெட்ஷீட்டை இழுத்துப் பிடிச்சு நடுவுல குண்டு பந்தை வெச்சு கோலிய உருட்டற டெமோ இருக்கே, பாக்க ஜோரா இருக்கும், ஆனா பந்து ஷீட்டை அமுக்கறதே கிராவிட்டியாலதான், அப்போ அது என்ன விளக்கம்? உஷாரான குழந்தை கேட்டா மாட்டிப்போம்.

அதுக்கு பதிலா பிளாஸ்டிக் பாட்டில் அடில ஓரமா ஒரு ஓட்டை போட்டு தண்ணி ஊத்துங்க, மூடி வேணாம். கைல இருக்கறப்போ ஓட்டை வழியா பீச்சும், ஸ்டூல் மேல ஏறி அப்படியே விட்டுடுங்க, விழற நேரம் பூரா ஒரு சொட்டு வெளிய வராது. தண்ணியும் பாட்டிலும் ஒண்ணா விழுது, தண்ணிய அமுக்கி வெளிய தள்ள எதுவும் இல்ல. கண்ணுக்கு சரியா தெரியாது, போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. மொட்டை மாடில பண்ணுங்க, ஹால்ல வேணாம்.