பறிக்கும் முன் ஒரு பொறுமை

ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட கனி ஆப்பிள் என்று ஐரோப்பிய ஓவியங்கள் நம் மனத்தில் பதித்துவிட்டாலும், விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் அதன் பெயரைச் சொல்லவே இல்லை. யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் இதைப் பற்றி ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். மனிதனை அழவைப்பதில் மதுவுக்கு இணையில்லை என்பதால் அது திராட்சை என்கிறார் ரபி மேயிர். தானியத்தைச் சுவைக்கும் வரை குழந்தைக்கு அப்பா, அம்மா என்று அழைக்கத் தெரியாது என்று காரணம் காட்டிக் கோதுமை என்கிறார் ரபி யூதா. ஆதாமும் ஏவாளும் அத்தி இலைகளைத் தைத்து உடுத்தியதால், கெடுத்த மரமே மானத்தையும் காத்தது என்னும் ரபி நெகேமியாவின் வாதமே எனக்குப் பிடித்தமானது.

கனியின் குறியீடு என்றதும் பலரும் மாதுளையைத்தான் சொல்வார்கள். அதன் விதைகள் யூதத் திருச்சட்டத்தின் 613 கட்டளைகளைக் குறிக்கின்றன என்பது அழகான நம்பிக்கை. எண்ணிப் பார்த்தால் பழத்துக்குப் பழம் கணக்கு மாறும். என்னை அதிகம் ஈர்ப்பது, உண்பதைத் தள்ளிப்போடச் சொல்லும் சட்டங்கள். நட்ட மரத்தின் கனியை மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது, நான்காம் ஆண்டின் விளைச்சல் இறைவனுக்குரியது, ஐந்தாம் ஆண்டில்தான் நட்டவன் உண்ணலாம் என்கிறது விவிலியத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரம். ஏதேனில் மீறப்பட்ட பொறுமை இங்கே உழவனின் அன்றாடக் கடமையாகிறது.

தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது இதைக் கண்முன் நிறுத்துகிறது. தோட்டத்துக்குப் போகிறவன் முதலில் பழுத்த அத்தியையோ திராட்சைக் குலையையோ மாதுளையையோ கண்டால், அதைக் கோரைப்புல்லால் கட்டி, "இவை முதற்பலன்கள்" என்று, அதாவது இறைவனுக்குப் படைக்க வேண்டிய முதல் விளைச்சல் என்று, சொல்லிவிட வேண்டும். எருசலேமுக்கு அருகில் இருந்தவர்கள் புதிய பழங்களையும், தொலைவில் இருந்தவர்கள் உலர்ந்தவற்றையும் அங்கிருந்த ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். செல்வர்களின் கூடைகள் பொன்னாலும் வெள்ளியாலும் ஆனவை. ஏழைகளுடையவை பட்டை உரித்த ஆற்றலரி (வில்லோ) மரக் குச்சிகளால் முடையப்பட்டவை. ஏழையின் கூடை பழத்தோடு ஆசாரியரிடமே போய்விடும். இந்த விதி மட்டும் எனக்கு இன்றுவரை நெருடுகிறது.

யூதர்கள் கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் எத்ரோக் என்னும் பழம் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது. சுவையும் மணமும் கொண்ட அது, கல்வியும் நற்செயலும் உடையவர்களைக் குறிப்பதாகவும், இரண்டுமற்ற ஆற்றலரிக் கிளையையும் அதனுடன் சேர்த்தே ஏந்த வேண்டும் என்றும் யூதர்களின் மறைநூல் விளக்கமான மித்ராஷ் சொல்கிறது. தோலில் வடு இருக்கிறதா, நுனிக் காம்பு முறிந்திருக்கிறதா என்று கூர்ந்து பார்த்து வாங்குகிறார்கள். பண்டிகை முடியும் வரை அதையும் உண்பதில்லை. பிறகு சில வீடுகளில் ஜாம் காய்ச்சுவார்கள்.