டிஜிட்டல் கிராஸ்ஓவரை மாற்றலாமா: மூன்று மாதச் சோதனைக் குறிப்பு

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நானே பெட்டி அடித்துச் செய்த மூவழி ஸ்பீக்கர்கள் இரண்டு நிற்கின்றன. 12 அங்குல வூஃபர் 300 ஹெர்ட்ஸ் வரையிலும், மிட்ரேஞ்ச் அங்கிருந்து 1,200 ஹெர்ட்ஸ் வரையிலும், அதற்கு மேல் புனல் வடிவ ஹார்ன் ஒன்றும் பாடுகின்றன. இந்தப் பிரிவினையைச் செய்வது ஆறு வெளியீடுகள் கொண்ட, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு 96,000 முறை ஒலியை எண்ணாக்கி) இயங்கும் பழைய டிஜிட்டல் கிராஸ்ஓவர். மேடைக் கச்சேரிகளுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியை வீட்டில் வைத்துப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தைப்பூசத்துக்குப் பிறகு ஓரிரவு அதன் திரை உறைந்து நின்றதும், புதியது வாங்கிவிடலாமா என்ற எண்ணம் வந்தது. உண்மையைச் சொன்னால் அது வெறும் சாக்கு. பாட்டு நின்ற பிறகும் ஹார்னிலிருந்து விடாமல் வரும் 'உஸ்' என்ற இரைச்சல்தான் நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய புதிய கருவியை இரவல் கொடுத்தார். இணைத்த உடனே இரைச்சல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அன்றைக்கே இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் எடுத்துவைக்கத் துணிந்துவிட்டேன். மறுநாள் காலையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்த பிறகுதான் வேகம் தணிந்தது.

பழைய கருவியின் உச்ச வெளியீடு +22 டிபியு, அதாவது ஏறக்குறைய 9.75 வோல்ட். புதியதன் உச்சம் 4 வோல்ட். வீட்டு ஆம்ப்ளிஃபையரை முழு வலிமைக்குக் கொண்டுசெல்ல இரண்டு வோல்ட்டே மிகுதி. பழைய கருவியின் இயங்கு வீச்சு, அதாவது உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, 112 டெசிபல் என்று அதன் கையேடு சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அதன் அடித்தள இரைச்சல் சுமார் 25 மைக்ரோவோல்ட் ஆகிறது. 29 டெசிபல் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை 0.7 மில்லிவோல்ட் ஆக்குகிறது. 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் கொடுக்கும் சாதாரண ட்வீட்டராக (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கராக) இருந்தால் ஒரு மீட்டரில் 18 டெசிபல்தான் வரும். மின்விசிறிச் சத்தத்தில் அது காணாமல் போய்விடும். என் ஹார்னோ 2.83 வோல்ட்டுக்கு 108 டெசிபல் கொடுப்பது. ஆகவே அதே இரைச்சல் 36 டெசிபலாக எழுந்து நிற்கிறது. ஹார்னின் அளவைக் கருவிக்குள்ளேயே 14 டெசிபல் குறைத்திருந்தேன் என்பது எந்தப் பயனும் தரவில்லை, ஏனென்றால் அந்தக் குறைப்பு எண்களாக இருக்கும்போதே நடந்துவிடுகிறது. இரைச்சல் பிறப்பதோ எண்கள் மின்னழுத்தமாக மாறிய பிறகு. ஆக, குற்றம் கருவியின் வயதில் இல்லை, நான் அதைப் பூட்டியிருந்த விதத்தில்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜாலான் பாசாருக்குப் போய், கருவிக்கு வெளியே மின்னழுத்தத்தைக் குறைப்பதற்காக, ஒரு விழுக்காட்டு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) பதினெட்டு வாங்கி வந்தேன். வூஃபருக்கும் மிட்ரேஞ்சுக்கும் போகும் நான்கு தடங்களில், இரு கம்பிகளிலும் தொடராக 1.5 கிலோ ஓம், அவற்றுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் வைத்தால் 12 டெசிபல் குறையும். ஹார்ன் தடங்கள் இரண்டிலும் தொடர் மதிப்பை 4.7 கிலோ ஓமாக வைத்து 20 டெசிபல் குறைத்தேன். அதற்கு ஈடாகக் கருவிக்குள் இருந்த 14 டெசிபல் குறைப்பை 6 ஆக்கினேன். இத்தனையையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடக்கி, ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பாட்டுப்பெட்டியின் வழக்கமான ஒலியளவு -38 இலிருந்து -26க்கு ஏறியது. தம்புராவை மட்டும் மெல்ல ஓடவிட்டு ஹார்னின் வாய்க்குள் காதை வைத்தால் இப்போதும் ஏதோ கேட்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் எதுவும் கேட்பதில்லை.

அடுத்த கேள்வி, மாதிரி வீதத்தில் 96ஐ விட்டு 192 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் காலத் திருத்தம், அதாவது எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது, நுட்பமாகுமா என்பது. ஹார்னின் ஒலி மையம் (ஒலி புறப்படும் இடம்) மிட்ரேஞ்சைவிட 14 செ.மீ. பின்னால் இருக்கிறது. நூல்கள் ஒலியின் வேகத்தை 20 பாகை வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் என்கின்றன. நம் ஊர்க் கூடத்தில் 30 பாகையில் அது 349 மீட்டர். அந்தக் கணக்கில் 1,200 ஹெர்ட்ஸின் அலைநீளம் 29 செ.மீ. என்பதால், 14 செ.மீ. விலகல் ஏறத்தாழ அரை அலை ஆகிவிடுகிறது. தாமதம் கொடுக்காமல் விட்டால் பாடகியின் குரலிலேயே பள்ளம் விழும். மிட்ரேஞ்சுக்கும் வூஃபருக்கும் 0.40 மில்லிநொடி தாமதம் கொடுத்து, ஹார்னின் துருவத்தைத் தலைகீழாக்கி மைக்கால் அளந்தபோது, இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்து, 1,200 ஹெர்ட்ஸில் கிணறு போலக் கோடு இறங்கியது. சரியாகப் பொருந்தியதற்கு அதுதான் அடையாளம். துருவத்தைப் பழையபடி மாற்றியதும் கோடு நேராகிவிட்டது. 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்கான நேரம் 10.4 மைக்ரோநொடி, தொலைவில் சொன்னால் 3.6 மில்லிமீட்டர். தச்சு வேலையில் என் கையே அதைவிட அதிகம் தவறும்.

கடைசியாகக் காதை நம்பிப் பார்த்தோம். இரு கருவிகளிலும் ஒரே லிங்க்விட்ஸ்–ரைலி வகை வடிகட்டிகள் (எல்லைக்கு அப்பால் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 24 டெசிபல் குறைப்பவை), ஒரே தாமதங்கள். முதல் நாள் புதியது தெளிவாக மேலானதாகத் தோன்றியது; தவிலின் வலந்தலை அடி முன்னே வந்து நின்றது. மல்டிமீட்டரை வைத்தபோது மிட்ரேஞ்ச் முனையில் பழையது 1.00 வோல்ட்டும் புதியது 1.10 வோல்ட்டும் காட்டின. சுமார் 0.8 டெசிபல் கூடுதல் சத்தத்தைத்தான் நான் தெளிவு என்று எண்ணியிருக்கிறேன். அதைச் சரிசெய்த பிறகு, அக்காள் மகன் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து ஆறு எக்ஸ்எல்ஆர் செருகிகளையும் மாற்றுவான், அல்லது மாற்றியதுபோலக் கழற்றி அங்கேயே திரும்பச் செருகுவான். "மாமா, ஆச்சு, வாங்க" என்று அவன் கூப்பிடும்வரை நான் அடுக்களையில் நிற்பேன். பன்னிரண்டு முறையில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிடம் ஆனதால் நினைவு மங்கியிருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் மங்கிப்போகும் வேறுபாட்டுக்கு இரண்டாயிரம் ரிங்கிட் கொடுக்க எனக்கு மனமில்லை.

உறைந்த திரை மட்டும் மிச்சம். பதினோர் ஆண்டுகளாகச் சூட்டில் வெந்த மின்வழங்கியின் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றினேன். அதன்பின் ஆறு வாரங்களாகத் திரை உறையவில்லை. மறுபடி உறைந்தால் வாங்குவேன். அப்போதும் 4 வோல்ட்டுக்கு மேல் போகாத வெளியீடுகள் குறைந்தது ஆறு இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், மாதிரி வீதத்தை அல்ல. நண்பரின் கருவியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ரயிலில் அது பட்டர்வொர்த்துக்குத் திரும்புகிறது. அவருக்கும் இதுபோல ஒரு ரெசிஸ்டர் டின் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவருடைய ட்வீட்டர் 90 டெசிபல்தான், அது தேவைப்படாது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.