மாதம் பத்து வெள்ளியில் ஒரு காற்பந்து டீம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டச் சாலையில் பழைய தொழிலாளர் லயங்களைத் தாண்டினால் செம்பனைக்கு நடுவில் ஒரு திடல் வரும். மழை பெய்தால் வலது மூலையில் தண்ணீர் நிற்கும், அது எங்களுக்குத் தெரியும், வருகிற டீமுக்குத் தெரியாது, எங்கள் பழைய கோல்களில் பாதி அந்தத் தண்ணீரில் விழுந்தவைதான். அந்தத் திடலில் ஆடிய டீமை ஒருமுறை கோட்டைவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் அலைந்து, புது டீம் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாகப் பதிவு செய்தோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் நாங்கள் முட்டிக்கொண்ட இடங்களிலேயே முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கோட்டைவிட்டது எப்படி என்றால், டீமை நடத்தியவர் ஒரு குத்தகைக்காரர், அதாவது காண்டிராக்டர். ஜெர்சி, லீக் கட்டணம், வேன் வாடகை, ஆட்டம் முடிந்தால் மீ கோரேங், எல்லாம் அவர் காசு. நல்ல மனிதர்தான், இன்றைக்குப் பார்த்தாலும் தே தாரிக் வாங்கிக் கொடுப்பார். ஒரு வருடம் தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் டீம் ஈப்போ பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போய்விட்டது, பெயரும் மாறிவிட்டது. நாலு பேர் போய்க் கேட்டோம். "பதிவு என் பேர்ல, பேங்க் கணக்கு என் பேர்ல, இதுல உங்களுக்கு என்னா லா?" என்றார். கேள்வி நியாயமானது, அதனால்தான் அவ்வளவு வலித்தது. முப்பது வருடமாக அந்தத் திடலோரம் நின்று கத்தியதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடிய விடிய ஆட்டம் பார்க்கிற ஆள் நான், அதனால் எனக்கு உடனே விம்பிள்டன் காற்பந்துக் கிளப் ஞாபகம் வந்தது. 2002 மே மாதம், தெற்கு லண்டனில் இருந்த அந்தக் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு மூவர் குழு அனுமதித்தது, மூவரில் ஒருவர் எதிர்த்தும் பயனில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்ய நோட்டீஸ் போட்டார்கள், இருநூறுக்கு மேல் ஆட்கள் வந்து நின்றார்கள். கிளப் ரசிகர்களின் அறக்கட்டளைக்குச் சொந்தம், ஆளுக்கு ஒரு ஓட்டு. அடிமட்ட லீக்கில் தொடங்கி 2011இல் தொழில்முறை லீக்குக்குள்ளே வந்துவிட்டார்கள். இதை நான் கோயில் மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன், நாற்பது பேர் இருந்தார்கள், பின்னாலிருந்து ஒரு அண்ணன், "தம்பி, அவன் வெள்ளைக்காரன், அவன்கிட்ட பவுன் இருக்கு" என்றார். சிரிப்பு.

அப்போது எழுந்தவர் கிராணி தாத்தா. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசத் தொடங்கிவிடுவார். "வெள்ளைக்காரன் கதை எதுக்கு? துரைங்க தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுப் போனப்ப இந்த ஊர்க்காரரு சம்பந்தன் ஐயா என்னா செஞ்சாரு? மாசம் பத்து வெள்ளி போடுங்க, தோட்டத்தையே வாங்கலாம்னாரு. உங்க தாத்தனுங்களும் இப்படித்தான் சிரிச்சானுங்க. கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்த வாங்கினப்புறம் சிரிப்பு நின்னுருச்சு." 1960இல், அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன், தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, எழுதத் தெரியாத ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்த பையன்களில் தாத்தாவும் ஒருவர். அன்று ராத்திரி மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், என்றே முடிவானது. எல்லோராலும் முடியாது என்று ஓய்வு பெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வெள்ளி. ஓட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

இனி காகித வேலை. சங்கப் பதிவிலாகாவுக்குப் போவதா, கூட்டுறவாகப் பதிவதா, கம்பெனி திறப்பதா என்று இரண்டு மாதம் வீணாகப் பேசினோம். விஷயம் எளிது: 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்பு என்றால் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். மாவட்ட லீக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறது. இங்கிலாந்தில் இந்த அறக்கட்டளைகள் கூட்டுறவு மாதிரியான சமூக நலச் சங்கங்களாகப் பதிவாகின்றன, நம்மிடம் அப்படியே பொருந்துகிற சட்டம் தேடினால் தலைதான் வலிக்கும். பெட்டி எதுவாக இருந்தால் என்ன, உள்ளே எழுதுகிற அமைப்புச் சட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அமைப்புச் சட்டத்துக்கு எட்டுக் கூட்டம் ஆனது. மாதிரிப் படிவம் ஒன்றை வாங்கி அப்படியே ஒப்பிக்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்றாவது கூட்டத்தில் டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிற தவுக்கே, அதாவது முதலாளி, ஐயாயிரம் வெள்ளி தருவதாகச் சொல்லி அனுப்பினார், பதிலுக்குப் புரவலர் பதவியும் மூன்று ஓட்டும். மண்டபம் இரண்டாகப் பிளந்தது. ஐயாயிரம் என்றால் ஒரு சீசன் முழுக்க வேன் வாடகை. நானே ஒரு நிமிடம் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் கணக்கு அக்கா, அவர் ஆலையில் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறவர், "மூணு ஓட்டு இன்னைக்கு, அடுத்த வருஷம் பத்தாயிரம் குடுத்தா ஆறு ஓட்டா?" என்று கேட்டதும் முடிந்தது. தவுக்கே கோபித்துக்கொள்ளவில்லை, பத்து வெள்ளி உறுப்பினராகச் சேர்ந்தார், மாதா மாதம் சரியாகக் கட்டுகிற சிலரில் அவரும் ஒருவர்.

இன்னொரு விதிக்காக நான் தனியாகச் சண்டை போட்டேன். டீமின் பெயர், ஜெர்சி நிறம், ஆடுகிற ஊர், இந்த மூன்றை மாற்றவோ டீமையே கைமாற்றிவிடவோ மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் முக்கால் பங்கு என்று எழுதினால் மழை நாளில் பன்னிரண்டு பேர் வந்து டீமை விற்றுவிடலாம். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013இல் திவாலான கிளப்பைத் தாங்களே வாங்கிக் காப்பாற்றி, நாலே வருடத்தில், 2017இல், தாங்களே ஓட்டுப் போட்டு ஒரு அமெரிக்கப் பணக்காரரிடம் கொடுத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் தெரிந்தே, கையைத் தூக்கியே செய்தார்கள். எங்களுக்கு நடந்த மாதிரி தீபாவளி முடிந்து வந்து பார்க்கிற நிலை மட்டும் மறுபடி வரக்கூடாது. இங்கிலாந்தில் 2025இல் வந்த காற்பந்து நிர்வாகச் சட்டம்கூடச் சின்னம், நிறம் மாதிரி விஷயங்களில் ரசிகர்களைக் கேட்க வேண்டும் என்கிறது. சட்டமே போட வேண்டிய அளவுக்கு அங்கேயும் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். நம் பேராக்கைப் பாருங்கள், 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற அணி, 2025-26 சூப்பர் லீக்கில் இல்லவே இல்லை. திடலில் கத்தினவனுக்கு அந்த முடிவில் என்ன ஓட்டு இருந்தது?

நடுவில் ஒரு திருப்பம். எங்கள் காகிதம் நகர்வது தெரிந்ததும் பழைய குத்தகைக்காரர் ஆள் விட்டார்: டீமைத் தோட்டத்துக்கே கொண்டுவருகிறேன், செயலவையில் உங்களுக்கு இரண்டு இடம், மற்றபடி பழையபடி. எனக்கே ஆசையாக இருந்தது, ஏனென்றால் இந்த ரசிகர் அறக்கட்டளைக் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1992இல் கடனில் மூழ்கிய நார்தாம்டன் டவுன் கிளப்பில் பிரையன் லோமாக்ஸும் ஊர்க்காரர்களும் முதல் அறக்கட்டளையைத் தொடங்கி, வாளியேந்திக் காசு சேர்த்து, இயக்குநர் வாரியத்தில் இடம் வாங்கினார்கள், லோமாக்ஸ் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநராகப் பல வருடம் இருந்தார். ஆனால் சுவான்சி கிளப்பையும் பாருங்கள். ரசிகர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது, 2016இல் மற்றப் பங்குதாரர்கள் அமெரிக்கர்களிடம் விற்றபோது எங்களைப் பேச்சில் சேர்க்கவே இல்லை என்று அவர்கள் புலம்பினார்கள். இரண்டு இடம் என்பது பேசுகிற உரிமை, சரி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினால்? வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். கோப்பைகளை மட்டும் கேட்டோம். அவை இன்னும் அவர் கடையில்தான், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால்.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, இரண்டும் எங்கள் தப்பு. முதல் முறை, தொடக்கக் கூட்டத்தின் மினிட்டில், அதாவது கூட்டக் குறிப்பில், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதவில்லை. இரண்டாவது முறை, பாரத்தில் ஒரு பெயர், அமைப்புச் சட்டத்தில் ஓர் எழுத்து மாறி வேறு பெயர். மலாயில் எழுதிக் கொடுத்த டீச்சரம்மாவைக் குறை சொல்ல முடியாது, நாங்கள்தான் நடுவில் பெயரை மாற்றிவிட்டு அவரிடம் சொல்லவில்லை. மூன்றாவது முறை போனது, சான்றிதழ் வந்தது, கோயிலில் அர்ச்சனை செய்தோம், அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கில் ஒரு விஷயம் மட்டும். கையெழுத்துப் போடுகிற மூவரும் ஒரே நேரத்தில் நேரில் வர வேண்டும் என்றார்கள். எங்கள் பொருளாளர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். நான்கு மாதம் கணக்குத் திறக்க முடியாமல் பணம் ஒரு மைலோ டின்னில் கணக்கு அக்கா வீட்டில் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கிறவரைப் பொருளாளராகப் போடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஆட்டக்காரர் தேர்வு தனிக் கொண்டாட்டம். எழுபது பேர் வந்தார்கள், அதில் கோல்கீப்பருக்கு மட்டும் பதினொரு பேர். மலேசிய அணியின் கோல்கீப்பர் ஸ்பைடர்மேன் ஆறுமுகம் இறந்தது 1988இல், அன்று வந்த பையன்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவே இல்லை, இருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பத்துக்கு நடுவில் நிற்க வேண்டும் என்கிற ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேட்கவா வேண்டும்.

முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கிராணி தாத்தா ஐஸ்கட்டி பில் கேட்டார். பதினெட்டு வெள்ளி. பில் இல்லை. முக்கால் மணி நேரம் போனது, இளைஞர்கள் வாட்சாப்பில் சிரிப்புப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பழைய டீமில் முப்பது வருடத்தில் ஒருவராவது ஒரு பில்லைக் கேட்டிருப்போமா? அதே கூட்டத்தில் நான் தோற்றேன். வட்டிக்கு விடுகிற நிறுவனம் ஒன்று ஜெர்சியில் பெயர் போட மூவாயிரம் தருவதாகச் சொன்னது, வட்டியால் நாசமான குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன, வேண்டாம் என்றேன். நாற்பத்தொன்றுக்குப் பதினேழு. இப்போது அந்தப் பெயர் நெஞ்சில் இருக்கிற ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்குப் போகிறேன். வரும் கூட்டத்தில் மறுபடி கொண்டுவருவேன்.

பழைய டீமோடு போன வருடம் மோதினோம். ஏஎஃப்சி விம்பிள்டன், தங்களைவிட்டுப் போன கிளப்போடு 2012இல் முதல்முறை ஆடியபோது 2-1 என்று தோற்றது. நாங்கள் 3-0. வலது மூலைத் தண்ணீரும் கைகொடுக்கவில்லை, அன்று நல்ல வெயில்.

இனி திடல். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் இன்னும் முடியாத விஷயம் இதுதான். டீம் எங்களுடையது, திடல் தோட்டக் கம்பெனியுடையது. வருடா வருடம் ஒரு கடிதம் தருகிறார்கள், தேவைப்பட்டால் ஒரு மாத அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வரியோடு. விம்பிள்டனுக்கும் ஆணிவேர் அறுந்தது 2002இல் இல்லை, 1991இல், சொந்தத் திடலைவிட்டு வேறொரு கிளப்பின் திடலில் வாடகைக்கு ஒண்டியபோதுதான். திரும்பிப் போக 2020 நவம்பர் ஆனது, கட்டுமானத்தில் பணம் இடித்தபோது ரசிகர்களே கடன் பத்திரமாக ஐம்பது லட்சம் பிரிட்டிஷ் பவுனுக்கு மேல் போட்டார்கள். எங்கள் கணக்கில் நேற்று இருந்தது 4,216 வெள்ளி.

போன வாரம் மேற்குப் பக்கக் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய அளவைக் குச்சிகள் மூன்று நட்டிருந்தன. யார் நட்டது என்று தோட்டத்து ஆபீஸில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். வரும் பொதுக்கூட்டத்தில் திடலை முதல் அம்சமாகப் போட்டிருக்கிறோம், நிலத்தைப் பற்றிப் பேசக் கிராணி தாத்தா கேட்டுக்கொண்டிருக்கிறார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அறிவிப்பைப் பதினான்கு நாளுக்கு முன்பே ஒட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. நாளைக் காலை வேலைக்குப் போகிற வழியில் கோயில் பலகையில் ஒட்டிவிட்டுப் போகிறேன்.