முகத்தாட்சணியமும் 60 நாட்களும்

ரொறன்ரோவில் டைல் பதிக்கும் வேலையை எங்கள் ஆட்களிடம்தான் பழகினேன். முதலில் கூலிக்குப் போனேன். பிறகு சொந்தமாக ஒரு வான், இரண்டு உதவியாட்கள் என்று உப ஒப்பந்தக்காரன் ஆனேன். வேலை பழகுவது சுலபம். செய்த வேலைக்குக் காசு வாங்குவதுதான் இங்கே தனி வித்தை.

வீட்டுக்காரர் பிரதான ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பார், அவர் எங்களுக்குக் கொடுக்க வேண்டும். இடையில் காசு நின்றுபோனால், நாம் உழைத்த காணியின் மேலேயே லீன் கோரலாம், அதாவது வரவேண்டிய காசுக்காகக் காணியின் மீது வைக்கும் பற்றுரிமை. வீட்டுக்காரரோடு நமக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை. லீன் போடமாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. இவ்வளவு தாராளமான சட்டம் நாள் கணக்கில் மட்டும் ஈவிரக்கம் பார்ப்பதில்லை.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டுமானச் சட்டப்படி, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் லீனைக் காணிப் பதிவில் ஏற்ற வேண்டும். பெரிய கட்டடங்களில் வேலை பெருமளவு நிறைவேறியதற்கான சான்றிதழ் அதற்கு முன்பே வெளியானால், அதுவரை செய்த வேலைக்கு நாள் அங்கிருந்தே ஓடும். 2018 ஜூலைக்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு 45 நாட்கள்தான். பழைய ஆட்கள் இன்னும் 45 என்றே சொல்கிறார்கள். அந்தப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. பதிந்தாலும் விட்டுவிட முடியாது. 60 நாள் முடிந்து அடுத்த 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுத்து, அதற்கான சான்றிதழையும் பதிய வேண்டும். தவறினால் காணியின் மீதான பிடி போய்விடும். வெடித்த டைலை மாற்றப் போனேன், அதுதான் என் கடைசி நாள் என்று வாதாடுவதும் பொதுவாக எடுபடாது.

சிக்கல் என்னவென்றால், பிரதான ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் நம்மவர். மனைவி வழியில் சொந்தமாக இருப்பார், அல்லது ஊர்ச்சங்கப் பொருளாளராக இருப்பார். "தம்பி, அடுத்த கிழமை பார்ப்போம்" என்பார். பொய் என்றும் சொல்ல முடியாது, அவருக்கும் மேலேயிருந்து வந்திருக்காது. ஆனால் எட்டு 'அடுத்த கிழமை' போனால் 56 நாள் போய்விடும். 2019 ஒக்டோபரிலிருந்து, முறையான பில் கிடைத்த 28 நாட்களுக்குள் உரிமையாளர் கொடுக்க வேண்டும், அது கைக்கு வந்த 7 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் எங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொந்தக்காரரிடம் அதை எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒரு வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் காசு இழுபட்டபோது, வழக்கறிஞரைப் பிடித்து லீன் பதிந்தேன். ஊர்க்காரர் மேல் வழக்குப் போட்டவன் என்று பேச்சு வந்தது. அது என்னை உறுத்தவில்லை. உறுத்தியது அந்த வயதான வீட்டுக்காரர்தான். லீன் கோரக்கூடிய எங்களைப் போன்றவர்களுக்காக ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதும், பிடித்துவைத்திருந்தால் அவருடைய பொறுப்பு பெரும்பாலும் அதோடு நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. முழுவதையும் கொடுத்துவிட்டார். வங்கிக் கடனைப் புதுப்பிக்கப் போனபோது பதிவு குறுக்கே நிற்க, அவர் ஒப்பந்தக்காரரை நெருக்கினார், எனக்குக் காசு வந்தது, லீனை நீக்கினேன். ஒப்பந்தக்காரர் கோயிலில் கண்டால் இப்போதும் சிரிப்பார். வேலைக்குக் கூப்பிடுவதில்லை.